கணினிக்கு முன் ஒரு காகிதம்

குளத்தில் இப்போதுள்ள நீரை நம்பிச் சிறுபோகம் விதைக்கலாமா? விதைத்தால் எத்தனை ஏக்கர்? நெளுக்குளம் என்று பெயரிலேயே குளத்தைச் சுமக்கும் ஊரில் வாழும் நமக்கு இக்கேள்வியின் பாரம் தெரியும். கணக்குப் பிழைத்தால் பயிர் கருகும், கமக்காரர் கடனாளியாவார்.

இதற்குக் கணினியும் விடை தேடுகிறது. அயல் மாவட்டமான அனுராதபுரத்தின் திறப்பனைக் குளத்தொடரை ஆராய்ந்து உருவாக்கப்பட்ட நீர்ச்சமநிலை மாதிரியைச் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம் 2001இல் வெளியிட்டது. மழை, ஆவியாதல், நிலக்கசிவு, வயலுக்குத் திறக்கும் நீர் ஆகியவற்றோடு, மேற்குளத்து வயல்களிலிருந்து வடிந்து கீழ்க்குளத்தை அடையும் நீரையும் அது கணக்கிடுகிறது. குளங்களைத் தனித்தனியே பார்த்திருந்தால் அந்த வடிநீர் கண்ணில் பட்டிருக்காது.

இவ்வாறு எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதை எதனோடு இணைப்பது என்று நிரல் எழுதும் முன்பே காகிதத்தில் தீர்மானிப்பதுதான் எண்ணக்கரு மாதிரியமைத்தல். அனுபவத்தால் மட்டும் கைவரும் கலையாகவே இது நெடுங்காலம் கருதப்பட்டது. பிரித்தானியப் பேராசிரியர் ஸ்டுவர்ட் ராபின்சன் 2008இல் இதற்கொரு படிமுறையை முன்வைத்தார். நோக்கம், வெளியீடு, உள்ளீடு, உள்ளடக்கம் என வரையறுத்து, எடுகோள்களையும் எளிமையாக்கல்களையும் வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும் என்பது அது. இது நல்ல முன்னேற்றம்.

ஆயினும் சவால்கள் தீரவில்லை. ஒரே குளத்தை இருவரிடம் கொடுத்தால் இரு வேறு மாதிரிகள் வரும். அவற்றுள் எது சிறந்தது என்று முன்கூட்டியே சொல்ல ஒருமித்த அளவுகோல் இல்லை. விவரங்களைக் கூட்டினால் திருத்தம் கூடும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. அளக்க முடியாதவற்றைச் சேர்த்தால் ஊகமே பெருகும்.

கணினிப் பாடம் கற்கும் மாணவியாக நான் காணும் பெரிய சவால், யாரைக் கேட்டு அந்தக் காகிதத்தை நிரப்புகிறோம் என்பதே. வயலை மட்டும் எழுதினால், கோடையில் குளிக்கவும் துவைக்கவும் மாடுகள் குடிக்கவும் வேண்டிய நீர் வெறும் மிச்சமாகிவிடும். அதையும் வயலுக்குத் திறக்கலாம் என்று கணினி கூட்டல் பிழையின்றிச் சொல்லும். அந்தக் குறையை முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர் குளத்தில் துணி துவைக்கும் ஓர் உம்மாதான்.

பம்பைமடுவில், நம் அயலிலேயே, வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு கணினி கற்கக் கனவு காணும் தோழியரே, நிரல்மொழியோடு கேட்கும் பழக்கத்தையும் கற்போம். பெற்றோரே, குளத்தைப் பற்றி நீங்கள் அறிந்ததையெல்லாம் எங்களுக்குச் சொல்லுங்கள். நாளை நாங்கள் வரையும் மாதிரியில் அதற்கு இடமிருக்க வேண்டும்.