ஏணிப் படமும் டேப்லெட்டும்

தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்றால் நம் கல்லூரிகள் முதலில் வாங்குவது திரையுள்ள ஏதாவது ஒன்றைத்தான். ஒரு காலத்தில் ஸ்மார்ட் போர்டு, இப்போது டேப்லெட். வாங்கிய பிறகு அதில் ஓடுவது பழைய பிபிடி. யூனிட் வாரியான நோட்ஸ் பிடிஎஃப் ஆகி மாணவர் கைக்குப் போகிறது. 50 நிமிடப் பாடவேளையில் 45 நிமிடம் ஆசிரியர் மட்டுமே பேசுவது அப்படியே இருக்கிறது.

2011 அக்டோபர் 5 அன்று மத்திய அரசு ‘ஆகாஷ்’ டேப்லெட்டை வெளியிட்டபோது நாடே அதன் மலிவு விலையைத்தான் பேசியது. 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ரேம், அழுத்தித் தொட்டால்தான் கேட்கும் 7 அங்குலத் திரை. அந்தத் திரையில் ஒரு சமன்பாட்டை எழுத முடியுமா என்று கேட்டவர்கள் குறைவு. பாடநூலையும் வீடியோவையும் கொண்டு சேர்க்கும் பெட்டியாகவே அதைப் பார்த்தோம். அந்த வேலையைப் பின்னால் வந்த சாதாரண போன்களே எடுத்துக்கொண்டன. என்பிடெல் இணைய விரிவுரையை இன்று பேருந்தில் நின்றபடி பார்க்கிறார்கள்.

டேப்லெட்டின் தனிப்பலம் பேனாவில் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆண்டர்சனின் குழு உருவாக்கிய ‘கிளாஸ்ரூம் பிரசென்டர்’ மென்பொருள் இதைச் சரியாகப் பிடித்தது. மாணவர் ஸ்லைடின் மேல் கையால் எழுதும் விடை, வகுப்பு நடக்கும்போதே ஆசிரியரின் திரைக்கு வரும். அவர் சிலவற்றைத் தேர்ந்து, எழுதியவர் பெயர் தெரியாமல் பிரொஜெக்டரில் போடுவார். வர்ஜீனியா டெக் 2006-இல் பொறியியல் முதலாண்டு மாணவர் எல்லாருக்கும் பேனாவுடன் கூடிய டேப்லெட் கணினியைக் கட்டாயமாக்கியது.

நம் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். என்ஜினியரிங் மெக்கானிக்ஸ், வழவழப்பான சுவரில் சாய்ந்த ஏணி, சொரசொரப்பான தரை. வழக்கமாக நாமே போர்டில் விசைப்படத்தைப் போட்டுவிடுவோம். 60 நோட்டிலும் அதே சரியான படம் ஏறும். இன்டர்னல் தேர்வில் வேறு படங்கள் வெளியே வரும்: சுவரில் உராய்வு இல்லை என்று கேள்வியே சொல்லியிருக்க, அங்கே மேல்நோக்கி ஒரு அம்பு. அல்லது, ஏணியின் கால் சுவரைவிட்டு வழுக்கப் பார்க்கிறது என்பதை மறந்து, தரை உராய்வையும் அதே திசையில் போட்டிருப்பார்கள். சுவரின் எதிர்விசையை ஏணிக்குச் செங்குத்தாக வரைபவர்களும் உண்டு. இந்தத் தவறுகள் அன்றைக்கே மாணவர் மனதில் இருந்தவைதான். விடைத்தாள் திருத்தும்போதுதான் நமக்குத் தெரிகிறது, அதற்குள் அடுத்த யூனிட் போய்விட்டது.

போர்டைத் தொடாமல் மூன்று நிமிடம் கொடுத்து, மாணவர்களையே டேப்லெட்டில் வரைந்து அனுப்பச் சொன்னால் இந்தப் படங்கள் அப்போதே வந்துவிடும். மூன்றை எடுத்துத் திரையில் போடலாம். எது சரி என்று சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்லலாம். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991 முதல் இயற்பியல் வகுப்பில் செய்துவருவதன் சாரம் இதுதான். மும்பை ஐஐடியின் பெரிய புரோகிராமிங் வகுப்பொன்றில் ‘தனியே யோசி, இருவராகப் பேசு, எல்லாரோடும் பகிர்’ என்ற முறையை வைத்து ஆராய்ந்தவர்கள், 83 விழுக்காடு மாணவர்கள் அதில் தொடர்ந்து ஈடுபட்டிருந்ததாக 2013-இல் எழுதினார்கள். அந்த முறைக்குத் தாளும் பேனாவும் போதும். கையெழுத்தைக் கூட்டத்திலிருந்து விரைவாகத் திரட்டித் தருவது மட்டுமே டேப்லெட்டின் வேலை.

சிலபஸ் முடியாது என்பார்கள். உண்மைதான், இப்படி நடத்தினால் சில பகுதிகளை மாணவர் வீட்டில் படித்துவரத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014-இல் வெளியிட்ட முடிவையும் பார்க்க வேண்டும். விரிவுரை மட்டும் கேட்டவர்களில் சுமார் 34 விழுக்காடு தோற்றார்கள். வகுப்பிலேயே செய்து கற்றவர்களில் சுமார் 22 விழுக்காடு. அரியர் எண்ணிக்கையோடு மல்லுக்கட்டும் துறைத் தலைவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நமக்குள் பேசவேண்டிய சிக்கல் இன்னொன்று. 2019-இல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், செய்து கற்ற மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தும், தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சரளமான விரிவுரை கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். தானே வரைந்து தடுமாறும்போது அந்தச் சுகம் இல்லை. நம் ஆண்டு மதிப்பீடோ மாணவர் ஃபீட்பேக் மதிப்பெண்ணில் தொங்குகிறது. புதிய முறையைத் தொடங்கும் ஆசிரியருக்கு முதல் செமஸ்டரில் அந்த மதிப்பெண் இறங்கலாம். அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்தமாட்டோம் என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். டேப்லெட் வாங்கும் ஆணையைவிட இந்த ஒரு பக்கச் சுற்றறிக்கைக்குப் பயன் அதிகம்.

கவனச் சிதறல் பற்றிய அச்சம் பொய்யல்ல. வகுப்பில் லேப்டாப்பில் வேறு வேலை பார்ப்பவர் மட்டுமன்றி, அந்தத் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருப்பவரும் குறைவாகவே கற்கிறார் என்று 2013-இல் கனடாவில் நடந்த சோதனை காட்டியது. ஆகவே கருவி பாடவேளை முழுக்கத் திறந்திருக்கக் கூடாது. வரையும் மூன்று நிமிடம் திறக்கட்டும், பிறகு கவிழ்த்து வைக்கட்டும்.

ஆளுக்கொரு டேப்லெட் வேண்டியதும் இல்லை. மூன்று பேருக்கு ஒன்று போதும். சொல்லப்போனால் அதுதான் நல்லது, வரையும் முன் மூவரும் சண்டை போட்டாக வேண்டும். அதுவும் இல்லாத கல்லூரியில் தாளில் வரைந்து போனில் படமெடுத்து அனுப்பலாம். கேட்டிலேயே போனைப் பறிமுதல் செய்யும் கல்லூரிகள் அந்த விதியை ஒரு பாடவேளைக்காவது தளர்த்தட்டும்.

வாசகர்களாகிய ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாடத்தில் மாணவர்கள் திரும்பத் திரும்பத் தவறும் ஒரு கணக்கையோ படத்தையோ, அந்தத் தவறான விடைகளின் மாதிரிகளோடு, மாணவர் பெயர்களை நீக்கி எங்களுக்கு அனுப்புங்கள். வகுப்பில் அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் வகையில், பாடவாரியாக இதழில் தொடர்ந்து வெளியிடுவோம்.