புதன்கிழமையைப் புடுங்கிட்டாங்க

"வெள்ளைக்காரனுக்கு ஏதுங்க பாசம், பெத்தவங்கள முதியோர் இல்லத்துல தள்ளிட்டுப் போயிடுவான்" - இந்த வசனத்தை இனிமே யாராவது என்கிட்ட விட்டீங்க, கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன்.

நான் பொட்டி தட்டுறது இங்கிலாந்துல. ஹவுஸ் ஓனரம்மாவுக்கு 61 வயசு, அவங்க அம்மாவுக்கு 88, டிமென்ஷியா. குளிப்பாட்டுறது, ஊட்டுறது, ராத்திரி மூணு மணிக்கு "வீட்டுக்குப் போகணும்"னு கதவைத் தட்டுறவங்களைத் திரும்பப் படுக்க வைக்கிறது, எல்லாம் இவங்கதான். 2021 சென்சஸ்படி இங்கிலாந்து, வேல்ஸ்ல மட்டும் இப்படிச் சம்பளமில்லாமப் பார்த்துக்கிறவங்க சுமார் 50 லட்சம் பேர். பாசம் இல்லையாம்!

இவங்க மூச்சு விட்டுக்க, கொஞ்ச நேரத்துக்கு மாத்து ஏற்பாடு பண்றதுக்குப் பேர்தான் ரெஸ்பைட் கேர். ஓனரம்மாவுக்கு அது புதன்கிழமை. காலைல வேன் வந்து பாட்டியை டே சென்டருக்குக் கூட்டிட்டுப் போகும். சாயங்காலத்துக்குள்ள டாக்டர், பேங்க், தூக்கம் எல்லாத்தையும் இவங்க முடிச்சுக்கணும். போன மாசம் கவுன்சில்லேர்ந்து லெட்டர். நிதி நெருக்கடி, சென்டரை மூடுறோம், வருந்துகிறோம்.

நெருக்கடி பொய்யில்லை. 2010க்கு அப்புறம் மத்திய அரசு கவுன்சில்களோட மானியத்தை வெட்டித் தள்ளிடுச்சு. ஆனா அந்த வெட்டு யார் தலைல விழுது பாருங்க. ஸ்ட்ரைக் பண்ண முடியாதவங்க, ஊர்வலம் போகக்கூட வீட்டுல ஆள் மாத்தி விட முடியாதவங்க. அதே 2010ல, இவங்க ஓய்வுக்குன்னு 4 வருஷத்துக்கு 40 கோடி பவுண்டு அறிவிச்சாங்க. இதுக்கு மட்டும்தான் செலவழிக்கணும்னு பூட்டு மட்டும் போடலை. பூட்டு இல்லாத உண்டியல் என்ன ஆகும்?

வாரத்துக்கு 35 மணி நேரமாவது பார்த்துக்கிட்டா 'கேரர்ஸ் அலவன்ஸ்' உண்டு. 2025 ஏப்ரல்ல அது 83.30 பவுண்டு. கால்குலேட்டரைத் தட்டுங்க, மணிக்கு 2.38. அதே மாசம் குறைந்தபட்சக் கூலி 12.21.

நம்ம ஓட்டை சர்வருக்கே ஞாயித்துக்கிழமை மெயின்டனன்ஸ்னு நிறுத்தி வெக்கிறோம். இவங்க படுத்தா பாட்டி நேரா ஆஸ்பத்திரிதான், செலவு என்.எச்.எஸ். தலையில. இதுக்குப் பேர் சிக்கனமாம்.

ரொம்பக் குதிக்காதீங்க, நம்மூர்ல வெட்டுறதுக்கே ஒண்ணும் இல்லை. பெத்தவங்களைக் கைவிட்டா மூணு மாசம் வரை ஜெயில்னு 2007ல சட்டம் போட்டோம். கைவிடாமப் பார்த்துக்கிற எங்கம்மாவுக்கு அதுல என்ன இருக்கு? அப்பத்தாவை விட்டுட்டு வர முடியாம, சொந்தத் தம்பி மக கல்யாணத்துக்கே அம்மா போகலை.

இந்தப் புதன் ஓனரம்மா பல் டாக்டர்கிட்ட போகணும்னாங்க. வொர்க் ஃப்ரம் ஹோம் போட்டு நான் பாட்டி கூட உக்காந்தேன். ரெண்டு மணி நேரத்துல பதினாலு தடவை "நீ யாருப்பா?". பன்னெண்டாவது தடவை நான் கத்திட்டேன். ரெண்டே மணி நேரம்ங்க.

அடுத்த புதன் எனக்கு கிளையன்ட் மீட்டிங் இருக்கு.