பட்டை நாமம் போடும் சட்டமா அது?

"அவனா? மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்றால், ஊரார் பணத்துக்கு நாமம் போட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டிருக்கிறான் என்றே கடைத்தெரு புரிந்துகொள்கிறது. ஐ.பி. (திவால் மனு) போட்ட அன்றே கடன் செத்துவிடுமாம். சுத்தப் பிதற்றல்.

சென்னைக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். 2016-இல் வந்த புதுச் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தாண்டி நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே மளிகைக்கடைக்காரருக்கு இன்னும் பழசுதான். 1920 சட்டப்படி, நோட்டீஸ் எந்த நிறத்தில் வந்தாலும் யார் கையையும் கட்டாது. மனு போட்டாலும் போதாது. நீதிமன்றம் விசாரித்து, திவாலானவர் என்று உத்தரவிட வேண்டும். அதன்பிறகுதான் கோர்ட் அனுமதியின்றி அந்தக் கடனுக்காக அவர்மேல் வழக்குப் போட முடியாது. கைதிலிருந்து காப்பு வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இதற்கு அவர் கொடுக்கும் விலையை யாரும் பேசுவதில்லை. உத்தரவு வந்ததும் சொத்து கோர்ட்டுக்கோ ரிசீவருக்கோ போய்விடும். மிஞ்சுவது உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மனைவியின் தாலி, கைத்தொழில் கருவிகள் போன்றவையே. மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் மச்சான் பேருக்குச் சும்மா எழுதிவைத்த வீட்டையும் ரத்துசெய்து மீட்கலாம். சொத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. கடனிலிருந்து விடுவிப்பு உத்தரவு கிடைக்கும்வரை, திவாலானதைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம். (வெள்ளைக்காரன் காலத்து 50 ரூபாய், இன்று ஒரு சாப்பாட்டுக்குக் காணாது.) சட்டமன்ற உறுப்பினராகவும் முடியாது.

அப்படியும் எல்லாரும் நின்றுவிடுவதில்லை. வீட்டை அடமானம் பிடித்த வங்கி தன் வழியில் போகும். செக் திரும்பிய கிரிமினல் வழக்கு ஓடும். ஜாமீன் கையெழுத்திட்டவர் தப்ப மாட்டார். அரசு பாக்கியும் மோசடி செய்து வாங்கிய கடனும் விடுவிப்புக்குப் பிறகும் துரத்தும்.

உண்மையில் இந்தச் சட்டத்தால் பிழைப்பது கடன் கொடுத்தவர்களில் எளியவர்கள். அது இல்லாவிட்டால் வாசலில் முதலில் வந்து கத்துகிற கந்துவட்டிக்காரர் வண்டியையும் டிவியையும் தூக்கிப்போவார். கைமாற்றாகக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வெறுங்கைதான். திவால் உத்தரவு அந்த அள்ளலை நிறுத்தி, இருப்பதை விகிதப்படி பங்கிடச் சொல்கிறது.

பாட்டிக்கு இதை யாரும் சொல்வதில்லை. "மனு போடு, மீதியை நான் பார்த்துக்கறேன்" என்று தூண்டும் தரகர் ஒருபக்கம். மண்ணை வாரித் தூற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடும் கடன் கொடுத்தவர்கள் மறுபக்கம். கோர்ட் அனுப்பும் அறிவிப்பில் விசாரணைத் தேதி இருக்கிறது. அன்று போய்ப் புரோநோட்டைக் காட்டிக் கடனை நிரூபிக்கவும், மறைத்த நிலம் எந்த ஊரில் இருக்கிறதென்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு.