இரண்டு பட்டங்கள்

சென்ற ஆண்டு ஆடியில் ஊன்றிய அவரை, புரட்டாசிக்குள் பந்தலை மூடிவிட்டது. ஆயினும் ஒரு பூவேனும் இல்லை. பருவமழைக்கு முன் கொடியைக் களைந்துவிடுவதே முறை என்று தீர்ப்பளித்தோம். துணி உலர்த்த இடமின்றித் தவித்த நம் இல்லாளும் அதை ஆமோதித்தாள். தாயார் மட்டும், "பொறு, அப்பா; பனி இறங்கட்டும்" என்றார்கள். தட்ட மனமின்றிப் பந்தற்கால்களை இறுக்கி, தூரில் மண் அணைத்து, மழைநீர் வடிய வாய்க்கால் வெட்டினோம்.

கார்த்திகையில் கொடியெங்கும் பூ; மார்கழியில் அண்டை வீட்டாருக்கும் காய்! பிறகே தாவர நூலைப் புரட்டினோம். பந்தல் அவரையின் பழைய வகைகள், பகற்பொழுது குறுகினாலன்றிப் பூப்பதில்லையாம். நாம் பெற்ற பட்டம் சர்வகலாசாலை அளித்தது; தாயார் அறிந்ததோ ஆடிப் பட்டம்.

இவ்வாண்டு அவர்கள் இல்லை. அவர்கள் முடிந்துவைத்த விதை இருக்கிறது. வாசகர்காள், கேட்பதற்குப் பெரியோர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.