மம்மி என்ன வில்லனா?

"நீ இருட்டுக் கல்லறைக்குள் நுழைகிறாய். எதிரே நரித்தலை கொண்ட ஒரு காவலன். கையில் ஈட்டி. இப்போது என்ன செய்யப் போகிறாய்?"

பயந்துவிடாதீர்கள் குட்டீஸ்! இது ஒரு விளையாட்டு. ஒருவர் இப்படிக் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக்கொண்டு, "நான் தூணுக்குப் பின்னால் ஒளிகிறேன்", "நான் அவனிடம் பேசிப் பார்க்கிறேன்" என்று பதில் சொல்வார்கள். பகடையை உருட்டினால், நினைத்தது நடந்ததா இல்லையா என்பது தெரியும். இதற்கு 'ரோல் பிளேயிங் கேம்' என்று பெயர். தமிழில் 'வேடமேற்று ஆடும் விளையாட்டு' எனலாம்.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். இந்த வகை விளையாட்டு உலகம் முழுக்கப் பரவியது அதன் பிறகுதான். இன்று கம்ப்யூட்டரிலும் மொபைலிலும் இதே வகையில் எத்தனையோ விளையாட்டுகள் வந்துவிட்டன.

கதாநாயகன் இருந்தால் வில்லன் வேண்டாமா? வில்லனுக்கு அடியாட்கள் வேண்டாமா? விளையாட்டுத் தயாரிப்பாளர்கள் இவர்களைத் தேடிப் போகும் இடம், பழைய நாடுகளின் புராணங்கள். அதில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் நாடு எகிப்து! மம்மி, நரித்தலை அனுபிஸ், ராட்சதப் பாம்பு அபோபிஸ்... எல்லாரும் வரிசையாக வந்து வீரர்களிடம் அடி வாங்குகிறார்கள்.

அந்த எகிப்து சமீபத்தில் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2025 நவம்பர் 1ஆம் தேதி, கிசா பிரமிடுகளுக்கு அருகில் 'கிராண்ட் எகிப்தியன் மியூசியம்' அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. 1922ல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அங்கே ஒன்றாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். விளையாட்டில் வரும் எகிப்தும் நிஜ எகிப்தும் ஒன்றுதானா?

உப்பு காத்த உடல்

முதலில் மம்மியை எடுத்துக்கொள்வோம். விளையாட்டில் அது துணி சுற்றிய பேய். கையை நீட்டிக்கொண்டு துரத்தும்.

நிஜத்தில் மம்மி எப்படி உருவாகிறது என்பது நம் கடலோரப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். விழுப்புரம் மாவட்டம், இடையஞ்சாவடியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து வடக்கே போனால், மரக்காணம் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று தெரியும். கடலோரக் குப்பங்களில் மீனில் உப்பைத் தடவிக் காய வைப்பார்கள். உப்பு ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரம் போனால் கிருமி வளராது. கருவாடு மாதக்கணக்கில் கெடாது.

எகிப்தியரும் இதே அறிவியலைத்தான் பயன்படுத்தினார்கள். 'நேட்ரான்' என்பது அங்கே ஏரிக்கரைகளில் கிடைக்கும் ஒருவகை சோடா உப்பு. இறந்தவரின் உடலை அதில் சுமார் 40 நாட்கள் மூடி வைப்பார்கள். பிறகு எண்ணெய் பூசி, துணி சுற்றுவார்கள். எல்லாம் முடிய 70 நாட்கள் ஆகும். எதற்காக இவ்வளவு பாடு? இறந்த பிறகும் ஒரு வாழ்க்கை உண்டு, அதற்கு உடல் தேவை என்று அவர்கள் நம்பினார்கள். ஆக, மம்மி என்பது யாரோ ஒருவரின் அப்பா, யாரோ ஒருவரின் பாட்டி!

2021 ஏப்ரல் 3ஆம் தேதி, 18 அரசர்கள், 4 அரசிகளின் மம்மிகளைக் கெய்ரோவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்து இன்னொன்றுக்கு ஊர்வலமாகக் கொண்டு சென்றார்கள். 21 பீரங்கிக் குண்டுகள் முழங்க, நாட்டின் அதிபரே நின்று வரவேற்றார். விளையாட்டில் 'பேய்', சொந்த நாட்டில் 'முன்னோர்'. எவ்வளவு வித்தியாசம், பார்த்தீர்களா?

அடியாள் அல்ல, வேலையாள்

வில்லனின் அடியாட்களாக விளையாட்டில் வரும் சின்னச் சின்னப் பொம்மை வீரர்களுக்கும் எகிப்தில் மூலம் உண்டு. அவற்றின் பெயர் 'உஷப்தி'. கல்லறைக்குள் வைக்கும் சிறு பொம்மைகள் இவை. மறு உலகில் வயல் உழ, தண்ணீர் பாய்ச்ச யாராவது கூப்பிட்டால், "இதோ வந்தேன்" என்று எஜமானருக்குப் பதிலாகப் போய் வேலை செய்யும் என்பது நம்பிக்கை.

துட்டன்காமன் கல்லறையில் இருந்தவை 413 பொம்மைகள். நாளுக்கு ஒன்றாக 365 வேலையாட்கள். அவர்களை மேய்க்க 36 மேஸ்திரிகள். மாதத்துக்கு ஒருவராக 12 பெரிய மேஸ்திரிகள். கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்! சண்டை போடுவது இவர்கள் வேலையே அல்ல.

யார் நல்லவர், யார் கெட்டவர்?

நரித்தலை அனுபிஸ் என்ன செய்தார் தெரியுமா? இறந்தவர்களைக் கைபிடித்து அழைத்துச் செல்வது அவர் வேலை. தராசின் ஒரு தட்டில் இறந்தவரின் இதயம். மறு தட்டில் உண்மையின் அடையாளமான ஓர் இறகு. அனுபிஸ் தராசைச் சரிபார்ப்பார். பொய்யும் பாவமும் சேர்ந்து இதயம் கனத்துவிட்டால், பக்கத்தில் காத்திருக்கும் அம்மிட் அதை விழுங்கிவிடும். முதலைத் தலை, சிங்கத்தின் முன்பாதி, நீர்யானையின் பின்பாதி... இதுதான் அம்மிட். எகிப்தியருக்கு அச்சம் தந்த மிருகங்கள் மூன்றும் ஒரே உடம்பில்!

அம்மிட் யாரையும் தேடிப் போய்த் தாக்காது. உங்கள் இதயம் லேசாக இருந்தால் அது உங்களை ஒன்றும் செய்யாது. அதை வாளால் வெட்டி ஜெயிக்கும் விளையாட்டு, கதையின் உயிரையே வெட்டிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. சொந்த அண்ணன் ஒசைரிஸைக் கொன்ற சேத், எகிப்துக் கதைகளில் பெரிய வில்லன். ஆனால், ஒவ்வொரு இரவும் சூரியனின் படகை விழுங்க வரும் அபோபிஸ் பாம்பை ஈட்டியால் குத்தி விரட்டுவதும் அதே சேத்தான்! சிங்கத்தலை செக்மெட், மனிதர்களை அழிக்கப் புறப்பட்டவள். அவளே நோய் தீர்க்கும் தெய்வமும் ஆவாள். எகிப்தியர் எல்லாரையும் முழு நல்லவர், முழு கெட்டவர் என்று கோடு போட்டுப் பிரிக்கவில்லை. கோடு போட்டது பிற்காலத்தில் வந்த விளையாட்டுகளும் சினிமாக்களும்தான்.

நம் அரக்கனுக்குப் புலித்தலை!

"எகிப்துக்குத்தானே நடந்தது, நமக்கென்ன?" என்கிறீர்களா? நமக்கும் நடந்திருக்கிறது குட்டீஸ்!

'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விளையாட்டுக்காக 1977ல் பூதங்களைப் பற்றிய ஒரு கையேடு வந்தது. அதில் 'ராட்சசன்' இருக்கிறான். எப்படி? புலித்தலையோடு! பின்னர் வந்த பதிப்புகளில் உள்ளங்கையும் புறங்கையும் இடம் மாறி, கைகள் திருகிக்கொண்டும் இருக்கும். இன்று வெளிநாடுகளில் இந்த விளையாட்டை ஆடும் பிள்ளைகளிடம் ராட்சசன் என்றால், புலித்தலை ஆசாமியைத்தான் நினைப்பார்கள்.

நம் கதைகளில் வரும் அரக்கர்கள் அப்படியா? இராவணன் வீணை வாசிப்பவன். விபீடணன் அண்ணனையே எதிர்த்து நியாயத்தின் பக்கம் வந்தவன். கடோத்கஜன் பாண்டவர்களுக்காகப் போரில் உயிரைக் கொடுத்தவன். இவர்கள் எல்லாரும் அரக்கர் குலம்தான். ஒரு புலித்தலைப் படம் இத்தனை பேரையும் மறைத்துவிட்டது.

பார்வைக்குப் பயங்கரமாக இருப்பவர் எல்லாம் கெட்டவர் இல்லை என்பது விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேல்மலையனூரில் மாசி மாதம் மகா சிவராத்திரியை ஒட்டி மயானக் கொள்ளை நடக்கிறது. அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் போகிறாள். முகத்தில் வண்ணம் பூசி, நாக்கைத் துருத்தி, பக்தர்கள் காளி வேடத்தில் ஆடி வருகிறார்கள். தெரியாதவர் பார்த்தால் நடுங்கிப் போவார். ஊர் மக்களோ "அம்மா, தாயே!" என்று குழந்தையைக் கொண்டு போய் ஆசி வாங்குகிறார்கள்.

திரௌபதி அம்மன் திருவிழாவைப் பாருங்கள். படுகளம் நாளில், மண்ணால் மாபெரும் துரியோதனனைப் படுக்க வைத்தபடி செய்வார்கள். பீமன் வேடம் போட்டவர் அவன் தொடையில் அடிப்பார். ஆனாலும், துரியோதனன் சாய்ந்த பிறகு அவனுக்காக ஒப்பாரி வைப்பதும் பல ஊர்களில் உண்டு! வில்லனையும் அழுது வழியனுப்பும் கதை மரபு நம்முடையது.

தெரியுமா உங்களுக்கு?

* எகிப்தில் கிரேக்க வம்சத்தார் ஆண்ட காலத்தை ஒட்டிய, 20 முகங்கள் கொண்ட பகடைகள் கிடைத்துள்ளன. இன்றைய விளையாட்டுகளில் உருட்டுவதும் 20 முகப் பகடைதான்!

* புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, ரோமானியரோடு நடந்த வணிகத்தை உலகுக்குக் காட்டியது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமில், கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் எழுதப்பட்ட பானை ஓடுகள் கிடைத்துள்ளன. அனுபிஸின் நாட்டுக்கு நம் ஆட்கள் அப்போதே போய் வந்திருக்கிறார்கள்!

* எகிப்தின் இன்னொரு துறைமுகமான பெரனிகேயில், இந்தியப் பானை ஒன்றில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு கிடைத்தது.

இப்போது என்ன நடக்கிறது?

2012ல் 'ஸ்மைட்' என்ற அமெரிக்க இணைய விளையாட்டில் காளியைச் சண்டை போடும் பாத்திரமாக வைத்தார்கள். அவளைக் காட்டிய விதம் சரியில்லை என்று எதிர்ப்பு எழுந்தது. "விளையாட்டுதானே!" என்றனர் சிலர். "சாமியைத் தொடாதே!" என்றனர் வேறு சிலர்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கதையைச் சொந்தமாக அறிந்தவர்களே விளையாட்டையும் செய்வது! 2020ல் புனேவைச் சேர்ந்த 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' நிறுவனம், அசுரர்களிடம் சிக்கிய தம்பியை மீட்கப் போகும் சிறுமி ராஜியின் கதையை விளையாட்டாக்கியது. 2023ல் வந்த 'வெண்பா'வில் பூதமே இல்லை. கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பம், அம்மா சமைக்கும் இட்லி, புட்டு, அவ்வளவுதான். அது 2024ல் பிரிட்டனின் 'பாஃப்டா' விருதை வென்றது. 2024ல் சீனர்கள் தங்கள் குரங்கு ராஜா கதையில் வரும் பூதங்களை வைத்துச் செய்த 'பிளாக் மித் வுகோங்', மூன்றே நாட்களில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. (இது சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டு அல்ல. வயது வரம்பைப் பார்க்காமல் எதையும் ஆடக் கூடாது, சரியா?)

நம் நாட்டிலும் 2025ல் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு ஒரு சட்டம் வந்தது. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு அது தடை போட்டது. கல்வி விளையாட்டுகளையும் மின்-விளையாட்டுப் போட்டிகளையும் ஊக்குவிக்கலாம் என்கிறது. அதனால், நம் புராணங்களை வைத்து இன்னும் பல விளையாட்டுகள் வரக்கூடும். அய்யனாரும் முனீஸ்வரனும் அவற்றில் வந்து நிற்கலாம். அவர்கள் ஊரைக் காக்கும் காவல்காரர்களாக வருவார்களா, துப்பாக்கியால் சுடப்படும் பூதங்களாக வருவார்களா? அதைச் செய்கிறவருக்குக் கதை தெரிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது.

நீங்களே பூதம் செய்யுங்கள்!

ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், பகடை போதும். எகிப்து பூதமோ, நம்ம ஊர் பூதமோ, செய்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. கதையில் இதற்கு என்ன வேலை? (அம்மிட் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறது. அபோபிஸ் சூரியனை விழுங்கப் பார்க்கிறது.)

2. இதை இன்றும் யாராவது கும்பிடுகிறார்களா, முன்னோராக மதிக்கிறார்களா? அப்படியானால் அடி வாங்கும் வில்லனாக்காதீர்கள். வழிகாட்டியாகவோ, விடுகதை போடும் காவலராகவோ வையுங்கள்.

3. வெட்டிக் கொல்வதைத் தவிர, இதை ஜெயிக்க வேறு வழி உண்டா?

மூன்றாவது கேள்விதான் விளையாட்டைச் சுவையாக்கும். அம்மிட்டின் முன் நிற்கும் வீரன், இதுவரை சொன்ன பொய்களை ஒப்புக்கொண்டால்தான் கதவு திறக்கும் என்று வைத்துப் பாருங்கள். வாள் உள்ளவனைவிட உண்மை உள்ளவன் முந்திவிடுவான்! உஷப்திப் பொம்மைகளிடம் சண்டை போடாமல், "உங்கள் வேலையை நான் செய்கிறேன்" என்று சொன்னால் அவை வழிவிடும் என்று வைக்கலாமே!

கதை தெரிந்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். "நம்ம ஊர் எல்லையில் இருக்கிற சாமி யாரு, ஏன் அங்கே நிக்குது?" என்று உங்கள் ஆயாவிடம் கேளுங்கள். கூத்துக் கட்டும் பெரியவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே நோட்டில் எழுதி வையுங்கள். நம் அரக்கனுக்கு இன்னொரு தடவை யாரும் புலித்தலை மாட்டாமல் இருக்க, அந்த நோட்டுதான் காவல்!