க்வாய் நதிப் பாலமும் காணாமல் போன கூலிகளும்

பழைய ஆங்கிலப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், என் வயதுக்காரர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்'. 1957-ல் வந்தது. டேவிட் லீன் இயக்கம், அலெக் கின்னஸ் நடிப்பு, ஏழு ஆஸ்கர் விருதுகள். அந்த விசில் மெட்டு இன்னும் பலர் காதில் ஒலிக்கும். நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் "உண்மைக் கதை சார்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பொறுக்காது.

முதலில் சில்லறைத் தவறுகள். அந்தப் பாலம் க்வாய் நதியின் மேல் கட்டப்படவே இல்லை. மே க்லாங் என்ற ஆற்றின் மேல் கட்டப்பட்டது. படம் பார்த்த வெளிநாட்டுப் பயணிகள் வந்து க்வாய் எங்கே என்று கேட்கவே, தாய்லாந்துக்காரர்கள் 1960-களில் அந்தப் பகுதி ஆற்றுக்கு க்வே யாய் என்று பெயரையே மாற்றிவிட்டார்கள்!

கட்டியது ஒரு பாலம் அல்ல, இரண்டு. ஒன்று மரம், மற்றொன்று இரும்பு. இரும்புப் பாலத்தின் கர்டர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. படத்தில் கமாண்டோக்கள் வெடி வைக்க, பாலம் ரயிலோடு ஆற்றில் விழுகிறது. நிஜத்தில் இரண்டு பாலங்களும் 1943 முதல் உபயோகத்தில் இருந்தன. பிறகு நேச நாட்டு விமானங்கள்தான் குண்டு போட்டன. இரும்புப் பாலம் பழுது பார்க்கப்பட்டு, இன்றும் அதன் மேல் ரயில் ஓடுகிறது.

ஜப்பானியருக்குப் பாலம் கட்டத் தெரியாது, ஆங்கிலேயர்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது அடுத்த கட்டுக்கதை. திட்டம் போட்டவர்கள் ஜப்பானிய எஞ்சினியர்களே. அங்கே கைதிகளுக்குத் தலைமை வகித்த கர்னல் பிலிப் டூசி, சினிமா கர்னல் மாதிரி எதிரிக்குப் பெருமையோடு பாலம் கட்டிக் கொடுத்தவரும் அல்ல. அவருடைய ஆட்கள் கரையானைப் பிடித்து வந்து மரத்தில் விட்டார்கள். கான்கிரீட் கலவையைக் கெடுத்தார்கள். உயிர் தப்பி வந்த கைதிகளுக்குப் படத்தின் மேல் கோபம் இருந்ததில் வியப்பில்லை.

"நாவலிலிருந்து எடுத்த படம்தானே, கற்பனை இருக்கத்தானே செய்யும்?" என்பீர்கள். பியர் பூல் எழுதிய நாவல் அது, சரி. மேலே சொன்னதையெல்லாம் அந்தக் கணக்கில் தள்ளிவிடலாம். ஆனால் ஒன்றைத் தள்ள முடியாது.

சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். அதில் வேலை செய்த போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். இவர்களைத்தான் படம் காட்டுகிறது. ஆனால் ஆசியத் தொழிலாளர்கள் இவர்களைப் போல் மூன்று மடங்கு இருந்தார்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், இவர்களோடு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோன நம் தமிழர்கள். இறந்தவர்கள் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான், ஏனென்றால் யாரும் ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை. கைதிகளுக்காவது அதிகாரிகளும் ராணுவ டாக்டர்களும் இருந்தார்கள். இவர்களுக்குக் கேட்க நாதி இல்லை. காலராவில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள்.

இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் இவர்களின் கதைக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. இத்தனைக்கும் படம் எடுத்தது தாய்லாந்தில் அல்ல, இலங்கையில், கித்துல்கலவில். களனி ஆற்றங்கரையில்தான் அந்தப் பாலத்தைக் கட்டினார்கள். அதற்கு மேலே மலையேறினால், தோட்டங்களில் வேலை செய்தவர்கள் நம் ஜனங்கள்தான். அதே போன்ற தோட்டத்துக் கூலிகள் மலாயாவிலிருந்து போய்ச் செத்த கதையைப் படக்குழுவில் யாரும் பொருட்படுத்தவில்லை.

சட்டைப் பொத்தான் மாறியதும் துப்பாக்கி மாடல் மாறியதும் பிழைதான், சிரித்துவிட்டுப் போகலாம். பெரும்பான்மையான செத்தவர்களைக் கதையிலிருந்தே எடுத்துவிடுவதை அப்படி விட முடியாது. காஞ்சனபுரியில் நேச நாட்டு வீரர்களுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. கூலிகளில் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. மலேசியாவின் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு நாவல் எழுதினார். நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

பேரன் பேத்திகளோடு இந்தப் படத்தைப் பாருங்கள், தப்பில்லை. படம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, விட்டுப்போன கதையையும் சொல்லுங்கள்.