மெழுகில் அளந்த வீரம்

போன சித்திரையில் எரியோட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அண்ணன் மகன் தன் ஆய்வுக் கட்டுரையைக் காட்டினான். ரேடார் அலையை விழுங்கும் பொருள். 'கடுமையான சூழலுக்கு ஏற்றது' என்று தலைப்பிலேயே போட்டிருந்தது.

"மைனஸ் அறுபது டெசிபல் சித்தப்பா!"

எதில் கலந்து அளந்தாய் என்றேன்.

"பாரஃபின் மெழுகுலதான். எல்லாரும் அப்படித்தான செய்றாங்க."

அந்த மெழுகு ஐம்பது, அறுபது டிகிரியில் உருகிவிடும். எங்கள் ஊர் மத்தியான வெயிலில் தகரக் கூரைமேல் வைத்தாலே இளகும். இதுவா கடுமையான சூழல்?

பையன்மேல் கோபமில்லை. உலக வழக்கமே இதுதான். பொடியை மெழுகில் குழைத்துச் சின்ன வளையமாக்கி, அதன் மின், காந்தப் பண்புகளை அளக்கிறார்கள். பிறகு கணினியில் தடிமனை மாற்றி மாற்றிப் போட்டு, எண் எங்கே பாதாளத்துக்குப் போகிறதோ அதையே சாதனை என்கிறார்கள். அந்தத் தடிமனில் ஒரு தகடு செய்து பார்ப்பதுகூடப் பல நேரம் கிடையாது.

மைனஸ் 20 டெசிபல் என்றால் நூற்றில் ஒரு பங்கு அலை திரும்புகிறது; மைனஸ் 60 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கேட்கப் பிரமாதம். ஆனால் அது ஒரே அதிர்வெண்ணில் விழும் ஊசிமுனைப் பள்ளம். தடிமன் மயிரிழை மாறினாலும் நகர்ந்துவிடும். பூச்சு மெலிசாகவும் வேண்டும், அகன்ற அலைவரிசையையும் பிடிக்கவேண்டும் என்றால் அதற்கு எல்லை உண்டு என்று ரோசனோவ் 2000-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். விமானம் முழுக்க நிலையாக 20 டெசிபல் குறைந்தாலே ரேடாரின் எட்டுதூரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். நமக்கு வேண்டியது அந்த நிலையான இருபது.

அதைக் கெடுக்கும் எதிரிகள் வேறு. காற்றில் அதிகம் சூடானால் கரி எரிந்துபோகும். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தன்மையை இழக்கும். உப்புக்காற்றில் அதற்கு முன்பே துருப்பிடிக்கும். சிலிகான் கார்பைடு சூட்டைத் தாங்கும், அடி தாங்காது.

முதல்கட்டச் சோதனைக்கு மெழுகு போதாதா என்பார்கள். போதும். அப்படியானால் தலைப்பில் அந்த வீறாப்பு எதற்கு?

சோதிக்க இடமில்லை என்பதும் சாக்கு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்தில் கடலோர அரிமானச் சோதனை நிலையம் இருக்கிறது. உப்புக்காற்றில் உலோகத் தகடுகளைக் கிடத்தித் துருவைக் கணக்கெடுக்கும் இடம். அதுமாதிரி அலையுறிஞ்சித் தகட்டையும் ஒரு வருஷம் கடற்காற்றில் மாட்டுங்கள். அப்புறம் சூளையில் சுட்டு, மறுபடி அளந்து, முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இதைச் சொன்னதும் பையன் சிரித்தான். "ஒரு வருஷம் மாட்டி வச்சா ஃபெல்லோஷிப்பே முடிஞ்சிரும் சித்தப்பா. நம்பரும் கொறையும். பேப்பர் யார் போடுவா?"

அவன் சொன்னதுதான் நோய். எண் குறைந்தாலும் உண்மை சொன்ன கட்டுரைக்குப் பட்டம் கொடுக்க நம் கல்விக்கூடங்கள் பழகவேண்டும். நாளைக்கு அந்தப் பூச்சை நம்பி ஒருத்தன் விமானத்தில் ஏறுவான். அவனுக்கு மெழுகு காவல் இருக்காது.